தந்தி மேல் வைத்த வில்

என் கணவர் அன்செல்மோ சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். சேதி சொல்ல சலூன்காரர் நபோர் தானே ஓடி வந்தார். கடைத் துண்டு அவர் தோளில் கிடந்தது. விரல் இடுக்குகளில் சவரநுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, "தொன் அன்செல்மோ, இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாராம். தலை திரும்பவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கத்தியை இன்னொரு முறை தீட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் நபோரிடம் கேட்ட முதல் கேள்வி, மறு கன்னத்தையும் வழித்தாயிற்றா என்பதுதான்.

"இல்ல, தொன்யா ஒதிலியா. எப்படி வழிக்கிறது?"

"பெட்டியில வைக்கும்போது ஒரு பக்கம் தாடியோட இருந்தா நல்லா இருக்காதே."

நபோர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. பிறகு தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய் அந்தக் கன்னத்தையும் வழித்தார். நான் அடுப்பை அணைத்தேன், செருப்பை மாற்றினேன், வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தேன். தெருவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டிக்காரன் கரியை மூட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதுபோல. எனக்குள் மட்டும் எதுவும் நடக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஜெபமாலை. மெக்சிகோ நகரத்துச் சினிமாக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்து போனார்கள். இயக்குநர்கள் அழுதார்கள். ஒரு காலத்தில் கதாநாயகியாக இருந்தவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். அவள் தலைமுடிச் சாயத்தின் வாசனை என் பாவாடையில் ஒட்டிக்கொண்டது. நான் பட்டையும் வெல்லமும் போட்ட காபியைப் பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். காபி தீர்ந்தால் இன்னொரு பானை வைத்தேன். அது ஒன்றுதான் எனக்குச் சரியாகச் செய்ய வந்தது.

அன்செல்மோவின் தங்கை ஒர்தென்சியா என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அழுதுடுங்க, அண்ணி. அழலேன்னா உள்ளேயே இருந்து கெட்டுப்போயிடும்."

"பால் மாதிரியா?"

அவள் கோபித்துக்கொண்டு போனாள். நான் கேலியாகச் சொல்லவில்லை. கெட்டுப்போவதற்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்செல்மோ கிரோகா யாரென்று அந்த வாரத்துப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஆர்கெஸ்ட்ராவைத் தலைகீழாகக் கவிழ்த்தவர் என்று ஒன்று எழுதியது. ஓரளவு உண்மைதான். வயலினே இல்லாமல் ஆளுயர டபுள் பாஸ்களை மட்டும் வரிசையாக நிறுத்தி ஒரு காதல் காட்சிக்கு இசை அமைத்தவர் அவர். டிராம்போன்காரர்களைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் ஊதச் சொன்னார். ஒரு படத்துக்காகத் தெருமுனையில் கைப்பிடியைச் சுற்றி இசைப்பெட்டி வாசிக்கும், காக்கிச் சீருடை போட்ட தெருவாத்தியக்காரர் ஒருவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கூட்டிவந்துவிட்டார். அந்தப் பெட்டி மழையிலும் வெயிலிலும் கிடந்து சுருதி கெட்டுப்போயிருந்தது. எல்லோரும் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அன்செல்மோவோ, பெட்டி இருக்கிறபடியே இருக்கட்டும், நீங்கள் எல்லோரும் அதன் சுருதிக்கு இறங்கி வாருங்கள் என்றார். காலை முழுக்க அத்தனை பேரும் தந்திகளைத் தளர்த்திக்கொண்டிருந்தோம்.

டிரம்பெட் எராக்லியோவுக்கு வாய் சும்மா இருக்காது. "தொன் அன்செல்மோ, நாளைக்கு எங்க மாமனார் கழுதையைக் கூட்டிட்டு வரட்டுமா? அதுவும் இதே சுருதிதான்."

"வாத்தியக்காரர் சங்கத்து அட்டை இருந்தா கூட்டிட்டு வா. அட்டை இல்லாத யாரையும் நான் உள்ளே விடமாட்டேன். உன்னையே அட்டையைப் பாத்துத்தான் விட்டேன்."

அப்படித்தான் இருப்பார். அந்தப் பெட்டியின் கோணல் சுருதியில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாசித்ததைத் திரையோடு சேர்த்துக் கேட்டபோது எராக்லியோவே வாயை மூடிக்கொண்டார். ஊரே லேசாகக் குடித்துவிட்டு நடப்பதுபோல இருந்தது அந்த இசை. அந்தப் படம் குடிகாரர்களைப் பற்றியதுகூட இல்லை.

முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் செல்லோ என் வாத்தியம்; அவருடைய செல்லோ வரிசையில் கடைசி ஸ்டாண்டில் உட்காருவேன். கல்யாணத்துக்கு முன்பும் அதே இடம், பின்பும் அதே இடம். பக்கத்தில் ருதிலியோ. இருவருக்கும் ஒரே இசைத்தாள், பக்கம் திருப்புவது அவர் வேலை. எங்கள் மகள் அம்பாரோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ருதிலியோதான் ஞானத்தகப்பன். அன்றுமுதல் நான் அவருக்குக் கொமாத்ரே, அவர் எனக்குக் கொம்பாத்ரே. எங்கள் பக்கத்தில் அது உடன்பிறப்புக்கு ஒரு படி மேல்.

துக்கம் முடிந்த சில வாரங்களில் உலிசெஸ் பர்ரகான் என்ற இளம் இசை நடத்துநர் வீட்டுக்கு வந்தார். மெலிந்த ஆள், பேசும்போது கையால் தாளம் போடுவார். அன்செல்மோ இசையமைத்த 'சுண்ணாம்புக் காளவாய்' படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பெரிய அரங்கத்தில் திரையிட்டு, இசையை மட்டும் ஆர்கெஸ்ட்ராவை வைத்து நேரில் வாசித்து அஞ்சலி செலுத்த இசையமைப்பாளர் சங்கம் முடிவுசெய்திருக்கிறதாம். ஆனால் அந்தப் படத்தின் இசைத்தாள் எங்குமே இல்லை. படம் எடுத்த கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது, கிடங்கில் இருந்த காகிதமெல்லாம் எடைக்குப் போய்விட்டது. படத்திலிருந்து எடுத்த டேப் ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டு மறுபடி எழுதவேண்டும். உதவ முடியுமா என்று கேட்டார். வாசிக்கவும் வேண்டும் என்றார்.

சரி என்றேன். முடியாது என்றால் ஏன் என்று சொல்லவேண்டி வரும்.

பிற்பகல்களில் சாப்பாட்டு மேஜையில் வேலை நடந்தது. உலிசெஸ் டேப்பை ஓடவிடுவார், ருதிலியோ கேட்டு எழுதுவார், நான் உள்வரிசைக் குரல்களைச் சொல்லுவேன். நாங்கள் இருவரும் அன்று வாசித்தவர்கள் என்பதால் காது மறந்ததைக் கை சொல்லிவிடும். செல்லோவை எடுத்து வாசித்துப் பார்த்தால் அடுத்த சுரம் தானாக வந்தது. உலிசெஸ் வியந்து போனார். எனக்கு அது தையல்காரி பழைய சட்டையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. இங்கே டிராம்போன், இங்கே பாசூன், இந்த இடத்தில் வில்லைத் திருப்பி மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டுகிறோம். இது என் கணவர் செய்தது என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது.

படத்தில் அது கடைசிக்குச் சற்று முன்னால் வரும். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் பையன் உள்ளே சரிந்து விழுந்துவிடுகிறான். ஆட்கள் அவன் தாய்க்கு ஆளனுப்புகிறார்கள். அவள் மேடேறி வந்து காளவாயின் விளிம்பருகில் நிற்கிறாள். எட்டிப் பார்க்கவில்லை, நிற்கிறாள், அவ்வளவுதான். டேப்பில் அந்த இடத்தில் இசை நின்றுவிடும். ஆனால் வெறுமையாகவும் இருக்காது. அடைத்து வைத்தாற்போல ஏதோ ஒன்று காதை அழுத்தும்.

உலிசெஸ் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். "டேப் தேஞ்சிருக்கு. இங்க ஏதோ இருந்திருக்கு, அழிஞ்சு போச்சு."

ருதிலியோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அழியல," என்றேன். "அது அப்படித்தான்."

அம்பாரோ இறந்தபோது அவளுக்கு முன்பல் விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருந்தது. காய்ச்சல் என்றார்கள், பிறகு மூளைக்காய்ச்சல் என்றார்கள். மருத்துவமனையில் எல்லாம் அவசரமாக நடந்து முடிந்துவிட்டது. அப்போது அன்செல்மோ கையில் 'சுண்ணாம்புக் காளவாய்' இருந்தது. தயாரிப்பாளர் தொன் இலாரியோ நல்ல மனுஷர். அடக்கத்துக்கு மாலை அனுப்பினார், காத்திருக்கிறேன் என்று சொன்னார். ஆனால் அந்தத் தாய் நிற்கும் இடத்துக்கு மட்டும் வயலின்கள் அழவேண்டும், கொட்டகையில் ஒரு கைக்குட்டைகூட உலர்ந்து இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அம்பாரோவின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. நான் துணியை மடித்து எடுத்துக்கொண்டு நடையில் போவேன். அந்தக் கதவுக்கு முன்னால் கால் நிற்கும். கை கைப்பிடியில் போய் உட்காரும். திருப்பினால் திறந்துவிடும். திருப்பமாட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நிற்பேன் என்று எனக்கே தெரியாது. மூச்சுகூட அரைவாசியில் நின்றிருக்கும். பிறகு கையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாள் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தபோது அன்செல்மோ அதே கைப்பிடியில் கையை வைத்து அதேமாதிரி நிற்பதைப் பார்த்தேன். ஓசைப்படாமல் மேலேறிப் போய்விட்டேன். அவரும் என்னை எப்போதாவது பார்த்திருக்கவேண்டும். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. எதைப் பற்றியுமே பேசவில்லை.

ஒலிப்பதிவு நாளன்று காலையில் அவர், "நீ வரணும்னு இல்லே" என்றார். நான் செல்லோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் இருப்பதைவிட அது எளிது. கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எராக்லியோகூட ஒன்றும் பேசாமல் என் நாற்காலியை நகர்த்திப் போட்டார். மற்றக் காட்சிகளையெல்லாம் முடித்துவிட்டு அந்தக் காட்சிக்கு வந்தோம். எங்கள் தாளில் அந்த இடத்தில் சுரம் எதுவும் இல்லை. ஓய்வுக்குறியும் இல்லை. வெறும் கோடுகள்.

அன்செல்மோ மேடையிலிருந்து சொன்னார்: "வில்லைத் தந்தி மேல வைங்க. ஊதுறவங்க மூச்சை இழுத்து வச்சுக்கங்க. அடுத்த நொடி வாசிக்கப் போறீங்க. ஆனா வாசிக்காதீங்க. நான் கையை இறக்குற வரைக்கும்."

யாரோ மெதுவாகக் கேட்டார்கள், வாசிக்காமல் இருப்பதை எதற்குப் பதிவுசெய்வது என்று.

"வாசிக்காம இருக்கறதும் கேக்கும்," என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கையைத் தூக்கினார். நான் வில்லைக் கனத்த தந்தியின் மேல் வைத்தேன். கையின் எடை முழுவதும் வில்லில் இறங்கி நின்றது. ஆர்கெஸ்ட்ரா முழுக்க அப்படி. அப்போது எனக்குப் புரிந்தது. இந்தக் கை எங்கே இருக்கிறது, எந்தக் கைப்பிடியின் மேல் இருக்கிறது என்று. நிமிர்ந்து பார்த்தேன். அவர் செல்லோ பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பத் திரும்ப எடுத்தார். எல்லோரும் நன்றாகத்தான் செய்தோம். ஆனாலும் மறுபடி, மறுபடி என்றார். கடைசியில் ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போதும் என்று கைகாட்டினார்.

வீடு திரும்பும் பேருந்தில் இருவருக்கும் நடுவில் செல்லோ நின்றது. நான் சொன்னேன்: "அது நம்ம வீடு."

"ஆமா."

"அதை வித்துட்டே."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "என்கிட்ட வேற எதுவும் இல்லே, ஒதிலியா" என்றார்.

தொன் இலாரியோ முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஐரோப்பாவில் ஒரு விழாவில் அந்தப் படத்துக்கு, அதிலும் குறிப்பாக அந்த இடத்துக்கு, பெரிய பேர் கிடைத்தது. வாசிக்காத ஆர்கெஸ்ட்ரா என்று எழுதினார்கள். கட்டுரைகள் வந்தன. மாணவர்கள் வந்து கேள்வி கேட்டார்கள். அன்செல்மோ வந்தவர்களிடமெல்லாம் ஒலியின் அடர்த்தி, மௌனத்தின் நிறம் என்று ஏதேதோ விளக்கம் சொன்னார். நான் அடுத்த அறையில் துணி தேய்த்துக்கொண்டு கேட்டிருப்பேன். அவர் ஒரு முறையும் வீட்டைப் பற்றிச் சொன்னதில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டுமா, அதற்காகவே கோபப்படவேண்டுமா என்று எனக்கு எப்போதும் பிடிபட்டதில்லை. நாங்கள் சேர்ந்தே இருந்தோம். சாப்பிட்டோம், ஊர்களுக்குப் போனோம், சில நாள் சிரிக்கவும் செய்தோம். பேருந்தில் பேசியதை மட்டும் மறுபடி பேசவில்லை. இப்போது பேசவும் முடியாது.

உலிசெஸிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. வில்லைத் தந்தி மேல் வைக்கவேண்டும், வாசிக்கக்கூடாது என்பதை மட்டும் சொன்னேன். அவர் யோசித்தார். அரங்கத்தில் அது எடுபடாது, ஆர்கெஸ்ட்ரா இடம் தவறிவிட்டது என்று சனங்கள் நினைப்பார்கள், பாஸ்களை மட்டும் மெல்லிசாக ஒரு சுரத்தில் ஓடவிடலாமா என்று கேட்டார். தவறாக ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் யாராயிருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். ருதிலியோ குறுக்கிட்டு, "ஒரு தடவை செஞ்சு பாருங்க, தம்பி. பிடிக்கலேன்னா பாஸைச் சேத்துக்கலாம்" என்றார்.

ஒத்திகையில் முதல் முறை ஒன்றும் வரவில்லை. இளைஞர்கள் வில்லைத் தந்தி மேல் வைத்துவிட்டு ஓய்வெடுத்தார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். ருதிலியோ திரும்பி அவர்களைப் பார்த்தார்.

"மாமியார் வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்கிட்டீங்க. உள்ளே அவங்க குரல் கேக்குது. தட்டறதா ஓடறதா? அந்த நிலையில நில்லுங்கடா."

சிரித்தார்கள். அடுத்த முறை சரியாக நின்றார்கள். உலிசெஸின் கை காற்றில் அப்படியே இருந்தது. முடிந்ததும் பாஸ்களைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ருதிலியோ தாளை ஒழுங்குபடுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கதவுன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க, கொமாத்ரே" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை காலமாக என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. ஒர்தென்சியா முன்வரிசையில் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். திரை எங்கள் தலைக்குப் பின்னால் இருந்ததால் படம் தெரியாது. உலிசெஸின் முகத்தில் வெளிச்சம் மாறுவதை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தோம். ஆர்கெஸ்ட்ரா நன்றாகவே வாசித்தது. டிராம்போன்கள் உயிரோடு இருந்தன. அன்செல்மோ இருந்திருந்தால் இரண்டு இடத்தில் திட்டியிருப்பார்.

அந்த இடம் வந்தது. உலிசெஸ் கையைத் தூக்கினார். வில்லை வைத்தேன். அத்தனை பேரின் கையும் நின்றது. அரங்கத்தில் இருமல்கூட இல்லை.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. தாழ்ந்த சத்தம். செல்லோவின் கனத்த தந்தி, விரல் எதுவும் படாமல். எங்கோ யாரோ இடம் தவறி வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். யார் என்று பார்க்கத் தலையைத் திருப்பவிருந்தேன். அப்போதுதான் முழங்கைக்கு அடியில் மரம் அதிர்வது தெரிந்தது. என் வில் நகர்ந்துகொண்டிருந்தது. வேகமாக இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கை என்னுடையது என்பது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. உலிசெஸின் கண் என் பக்கம் வந்தது. அவர் கை இறங்கவில்லை. ருதிலியோவின் வில் அசையாமல் அவர் தந்தி மேல் இருந்தது. சுரம் மெலிந்து, வில்லின் நுனியில் முடிந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நாங்கள் அத்தனை பேரும் வாசிக்காமல் இருந்தோம்.

படம் முடிந்ததும் சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எராக்லியோ சக்கர நாற்காலியில் வந்திருந்தார், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். மேடைக்குப் பின்னால் உலிசெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொன்யா ஒதிலியா, அது அவர் எழுதினதா?"

"இல்லே."

"அப்ப?"

"கை நகர்ந்துடுச்சு."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஒர்தென்சியா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "இப்பவாவது அழுதீங்களா?" என்று காதில் கேட்டாள். இல்லை என்றேன். பரவாயில்லை என்று முதுகைத் தடவினாள். இந்தத் தடவை கோபித்துக்கொள்ளவில்லை.

ருதிலியோவும் நானும் செல்லோக்களை அரங்கத்துக் காவலாளியிடம் விட்டுவிட்டு எதிர்த்தெரு உணவுவிடுதிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், குடும்பம் குடும்பமாக. சோளமும் பன்றி இறைச்சியும் போட்ட பொசோலே சூப் இரண்டு கிண்ணம் வந்தது. ருதிலியோ எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுக் கரண்டியை எடுக்காமல் இருந்தார்.

"கொமாத்ரே, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"அன்னிக்குப் பதிவுல அத்தனை தடவை எடுத்தாரே. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நீங்க வாசிச்சுடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தாரோன்னு எனக்கு எப்பவும் தோணும்."

நான் முள்ளங்கித் துண்டுகளை என் கிண்ணத்தில் போட்டேன்.

"தோணுதா, தெரியுமா?"

"தோணுது."

"அப்ப சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். அவர் சொன்னதை அன்றைக்கு நான் எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை. மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தமாதிரிதான் இருந்தது. சில நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போது அது தானாக வந்து நின்றது. அவர் செல்லோ பக்கம் பார்த்த பார்வை. மறுபடி, மறுபடி என்ற குரல். உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்கவேண்டியவர் இல்லை. தண்ணீரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

பத்திரிகைகள் அந்தச் சுரத்தைப் பற்றி எழுதின. பழைய பிரதியில் தேய்ந்து மறைந்துபோன ஒற்றைச் சுரத்தைக் காதாலேயே மீட்டுவிட்டார்கள் என்று ஒரு பெரிய விமர்சகர் எழுதினார். அன்செல்மோ கிரோகாவின் மேதைமை மொத்தமும் அந்த ஒரு சுரத்தில் இருக்கிறது என்றார். உலிசெஸ் எனக்குத் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினார். திருத்தம் வெளியிடச் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்த நிகழ்ச்சி குவாதலஹாரா நகரத்தில். அந்தச் சுரத்தைக் கேட்கத்தான் சனங்கள் வருவார்கள், மறுபடி வாசிக்கமுடியுமா என்று உலிசெஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். என்னால் முடியாது, அது வந்து போய்விட்டது என்று சொன்னேன். வேண்டுமானால் வேறு யாருக்காவது தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் அதை எழுதி, முதல் ஸ்டாண்டில் உட்காரும் சிட்லாலி என்ற பெண்ணுக்குக் கொடுத்தார். நன்றாக வாசிப்பவள், பெரிய கைகள்.

குவாதலஹாராவில் அன்று வெக்கை. அந்த இடம் வந்தபோது நான் கடைசி ஸ்டாண்டில் வில்லைத் தந்தி மேல் வைத்தேன். என் கை அசையவில்லை. முன்னால் சிட்லாலியின் முதுகு தெரிந்தது. அவள் வில் நகர்ந்தது. அதே தந்தி, அதே தாழ்ந்த சுரம், என்னுடையதைவிடச் சுத்தமாக. ஒரு நடுக்கமில்லை. அரங்கம் மூச்சை இழுப்பது கேட்டது.

அது என்னுடையது என்று தோன்றியது. இவள் யார் இதை எடுப்பதற்கு என்று தோன்றியது. எழுந்து போய் அவள் கையிலிருந்து வில்லைப் பிடுங்கவேண்டும்போல இருந்தது. முகம் சுட்டது, கழுத்து சுட்டது. அன்செல்மோ போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது. அழகான உணர்ச்சி இல்லை. துக்கமாகவோ அன்பாகவோ ஏதாவது வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், எனக்கு வந்தது பொறாமை. ருதிலியோவின் முழங்கை என் முழங்கைமேல் லேசாகப் பட்டது. அடுத்த காட்சிக்கு வாசிக்கவேண்டியிருந்தது. வாசித்தேன்.

முடிந்ததும் சிட்லாலி என்னைத் தேடி வந்தாள். சரியாக இருந்ததா என்று கேட்டாள். ரொம்பச் சரியாக இருந்தது என்றேன், குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அவள் சங்கடப்பட்டாள். அப்புறம், எனக்கு ரொம்பப் பசிக்கிறது, இந்த ஊரில் இந்த நேரத்துக்கு எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று அவளிடம் கேட்டேன். அவள் இதே ஊர்க்காரி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாங்க என்று முன்னால் நடந்தாள்.